ஒரே இறகு: தூண்டில் ஈ, ட்ராக் மேடை, எமது சிரிப்பு

ஒஸ்லோவில் நாம் வேலை செய்யும் றெஸ்ரோறன்றின் குசினி அடங்குவதற்கு இரவு பதினொன்றரை ஆகும். கோப்பை கழுவி, அடுப்புத் தட்டுகளை உரஞ்சி, நிலத்தைத் தேய்த்து முடிக்க நடுச்சாமம் தாண்டிவிடும். போன மாரிகாலத்தில் ஒரு நாள், அந்த நேரத்தில், நாம் மரக்கறி வெட்டும் இரும்பு மேசையின் விளிம்பில் ஒரு சின்ன இடுக்கியைப் பூட்டிவிட்டுக் குனிந்திருந்தார் எம்மோடு பரிமாறும் வேலை செய்யும் நோர்வேஜிய நண்பர் ஒருவர். இடுக்கியின் வாயில் ஒரு தூண்டில் முள். அதில் மஞ்சள் பட்டுநூலும் கறுப்புப் பட்டுநூலும் வெள்ளிச் சரிகையும் சுற்றி, மேலே ஒவ்வொரு இறகாக வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆறேழு மயிர் பிசகினால் அவிழ்த்துவிட்டுத் திரும்பவும் கட்டினார். மேற்கு நோர்வேயில் லார்டால் ஆற்றங்கரையில் வாழ்ந்த தாத்தாவிடம் பழகிய வேலை என்றார். நாம் வியந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மினுங்கும் நீண்ட அங்கி, தோளைச் சுற்றி இறகுமாலை, புருவத்துக்கு மேல்வரை ஏறிய பச்சை மை. அது அவர்தான். சனிக்கிழமை இரவுகளில் அவர் ட்ராக் மேடையேறுபவர். மேசையில் கிடந்த இறகுப் பெட்டியைத் தட்டிக்காட்டி, "இரண்டுக்கும் ஒரே பெட்டிதான்" என்றார்.

நாம் சிரித்துவிட்டோம். அவர் அதைக் கவனித்தார். ஒன்றும் சொல்லாமல் மிச்ச இறகையும் கட்டி முடித்தார்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது. முள்ளில் ஏறியபோது கலையாகத் தெரிந்த இறகு, ஒரு ஆணின் தோளில் ஏறியதும் எமக்கு ஏன் பகிடியாகிப் போனது? 2009இல் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த எமக்கு ஆய்வு செய்யும் பயிற்சி அதிகம் இல்லை. ஆனாலும் இரண்டு கலைகள் பற்றியும் கிடைத்த புத்தகங்களையும் படங்களையும் தேடிப் பார்த்தோம். அவற்றிலிருந்து எமக்குப் பட்டதை வாசகர் முன் வைக்கிறோம்.

*

தூண்டில் ஈ என்பது இறகு, மயிர், நூல், சரிகை ஆகியவற்றை ஒரு முள்ளில் கட்டிச் செய்யும் பொய் இரை. இதில் நீண்டகாலமாக இரண்டு போக்குகள் உண்டு. ஒன்று, ஆற்றில் உண்மையில் மிதக்கும் பூச்சியை அச்சொட்டாக உருவாக்குவது. தென் இங்கிலாந்தின் தெளிந்த ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடித்த பிரெடெரிக் ஹல்போர்ட் இந்தப் போக்கின் தலைமகன். அவருடைய முதல் நூல் 1886இல் வந்தது. தண்ணீரில் எந்தப் பூச்சி இருக்கிறதோ அதன் நிறம், பருமன், செட்டையின் சாய்வு எல்லாம் பொருந்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

மற்றப் போக்கு சல்மன் மீனுக்கான ஈ. இங்கு லக்ஸ் என்று சொல்லும் அதே மீன். முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சல்மன் இரை தின்பதை நிறுத்திவிடும். பசியில்லாத மீன் எதற்காக ஈயைக் கவ்வுகிறது என்பதற்குக் கோபம், எல்லைச் சண்டை, பழைய பழக்கம் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். ஆகவே சல்மன் ஈ எந்தப் பூச்சியையும் போல இருக்கத் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரித்தானியாவில் இது கட்டற்ற அலங்காரமாக வளர்ந்தது. ஜோர்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட 'சல்மன் ஈ' என்ற நூல் அந்த அலங்காரத்தின் இலக்கண நூல் போன்றது.

அந்த ஈக்களில் மிகப் புகழ்பெற்றது ஜொக் ஸ்கொட். வால் பக்கத்தில் வெள்ளிச் சரிகையும் மஞ்சள் பட்டும், பொன் பெசன்ற் கோழியின் கொண்டை இறகும். பாதி உடல் மஞ்சள் பட்டு, மறுபாதி கறுப்புப் பட்டு. நடு இணைப்பில் தீக்கோழி இழையும் டூக்கன் பறவையின் மஞ்சள் நெஞ்சு இறகும். தொண்டைக்குக் கினிக்கோழியின் புள்ளி இறகு. பக்கங்களில் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. கன்னத்துக்கு ஒரு நீலப் பறவையின் இறகு. கொம்புக்கு நீல மக்கோ கிளி. தொண்டை, கன்னம், கொம்பு என்பவை நாம் சேர்த்த சொற்கள் இல்லை. ஈயின் பாகங்களுக்கு இந்தத் தொழிலில் வழங்கும் பெயர்களே அவைதான். அதுபோலவே பழைய பிரித்தானிய வழக்கில் ஈயைக் 'கட்டுவது' என்று சொல்வதிலும் பார்க்க 'உடுத்துவது' என்பதே அதிகம். செய்பவர் ஈ உடுத்துபவர். ஹல்போர்டின் நூற்பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஒரு வெறும் முள்ளை உடுத்தி, அதற்குக் கன்னமும் தொண்டையும் கொடுத்து, வெளிச்சத்துக்கு அனுப்புகிறார்கள். நண்பர் இரண்டுக்கும் ஒரே பெட்டி என்றது வெறும் பேச்சல்ல என்று அப்போதுதான் எமக்கு உறைத்தது.

ஜொக் ஸ்கொட் என்பது ஒரு வேலைக்காரரின் பெயர். ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவரின் மீன்பிடி உதவியாளர் அவர். 1840களில் எசமானோடு நோர்வேக்குக் கப்பலில் வரும் வழியில் இந்த ஈயைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, அந்தக் காலத்தில் ஆங்கிலப் பிரபுக்கள் கோடைதோறும் நோர்வே ஆறுகளுக்கு வந்தது வரலாறு. 'லக்ஸ் லோர்ட்' என்ற சொல் இன்றும் நோர்வேஜிய மொழியில் இருக்கிறது. மீன் பிடித்த பெருமை பிரபுவுக்குப் போயிருக்கும். ஈயின் பெயரிலாவது ஒரு வேலையாள் தப்பிப் பிழைத்திருக்கிறார். குசினியில் நிற்கும் எமக்கு இது சிறிய விடயமாகப் படவில்லை.

*

ட்ராக் என்பதைத் தமிழில் பெண்வேடக் கலை என்று சொல்லிவிடலாம். ஆனால் அது முழுப்பொருள் இல்லை. ஆண் வேடம் கட்டும் பெண்களும் அதில் உண்டு. திருநங்கையாக வாழ்வதும் ட்ராக் ஆடுவதும் ஒன்றல்ல என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். ஒன்று வாழ்வு, மற்றது மேடை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கவும் கூடும்.

ட்ராக் பற்றிய படங்களில் எம்மை அதிகம் பாதித்தது ஜெனி லிவிங்ஸ்ரனின் 'பரிஸ் இஸ் பேர்னிங்' (1990). நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஏழை இளைஞர்கள் நடத்திய 'போல்' என்னும் போட்டி இரவுகள் பற்றிய ஆவணப்படம். வீட்டால் துரத்தப்பட்ட பிள்ளைகள் தாங்களே 'வீடு'கள் அமைத்து, ஒரு 'தாயை' ஏற்றுக்கொண்டு வாழ்கிறார்கள். மூத்த கலைஞர் டோரியன் கோரி கண்ணாடி முன் இருந்து ஆறுதலாக ஒப்பனை செய்தபடியே பேசுவதைப் படம் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. முன்பெல்லாம் போட்டி என்பது இறகும் மணியும் கோத்த பெரும் அலங்காரம். பிறகு அது வேறு திசைக்குப் போயிற்று என்பது அவர் சொல்லும் வரலாறு. அந்த வேறு திசைக்கு அங்கே பெயர் 'ரியல்னெஸ்'. வீதியில் போனால் யாரும் சந்தேகப்படாதபடி ஒரு அலுவலக அதிகாரியாக, ஒரு மாணவனாக, ஒரு சாதாரணப் பெண்ணாகத் தோன்றுவது.

இங்கேதான் இரண்டு கலைகளும் எமக்கு ஒன்றாகத் தெரிந்தன. ஹல்போர்டின் ஈ அந்த ரியல்னெஸ். மீன் சந்தேகப்படாமல் இருக்க வேண்டும். சல்மன் ஈ கோரியின் பழைய இறகு அலங்காரம். அது எதையும் போல நடிக்கவில்லை. தான் செய்யப்பட்ட பொருள் என்பதை மறைக்கவும் இல்லை. ட்ராக்கையும் ஈயையும் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்வது 'ஏமாற்று' என்ற சொல்தான். ஆனால் இரண்டு கலைகளும் தங்கள் உச்சத்தைத் தொட்டது ஏமாற்றும் தேவை இல்லாத இடத்தில்தான். மேடையில் நிற்பவர் ஆண் என்று சபைக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கைதட்டுகிறது.

கைவேலையிலும் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் அளவுதான் எல்லாம்: செட்டை உடலை மிஞ்சக்கூடாது, தோளின் அகலத்தை இடுப்பின் திரட்சி சமப்படுத்த வேண்டும். இரண்டிலும் தாங்குவது வெளியே தெரியக்கூடாது: ஈயில் நூல், மேடையில் கச்சும் பஞ்சும் பசையும். இரண்டும் இயல்பான வெளிச்சத்தில் பார்ப்பதற்கு அல்ல. ஒன்று ஓடும் நீருக்குள், மற்றது மேடைவிளக்கின் கீழ். இரண்டிலும் தயாரிப்பு மணிக்கணக்கு, தோற்றம் நிமிடக்கணக்கு. பொருட்களும் ஒன்றுதான். இறகுமாலைக்குப் போகும் மரபூ என்ற மென்தூவி ஈக்கும் போகிறது. 2011இல் அமெரிக்காவில் பெண்கள் கூந்தலில் நீண்ட சேவல் இறகு வைத்துக்கொள்ளும் நாகரிகம் திடீரென்று பரவியபோது, சிகையலங்காரக் கடைக்காரர்கள் மீன்பிடிக் கடைகளில் இருந்த சேவல் இறகை எல்லாம் அள்ளிப்போனார்கள். ஈ கட்டுபவர்களுக்கு இறகு கிடைக்காமல் போனது. விலை பல மடங்கு ஏறியது. ஆற்றங்கரையும் அலங்கார அறையும் ஒரே சேவலில் தங்கியிருந்தது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

*

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் ஒரு மனுஷி வாழ்ந்து போயிருக்கிறார். மேகன் பொய்ட். 1915இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே ஸ்கொட்லாந்தின் வடக்கே சதர்லாந்துக்கு வந்தவர். தகப்பன் ஆற்றுக் காவலர். ஒரு முதிய காவலர் இவருக்குப் பழைய ஈக்களை அவிழ்த்துத் திரும்பக் கட்டப் பழக்கினார். புரோரா என்ற ஊருக்கு அருகே ஒரு சிறு குடிசையில், பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல், யன்னலோரம் இருந்து ஈ கட்டினார். அன்றைய இளவரசர் சார்ள்சும் அவரிடம் ஈ வாங்கினார். 1971இல் அரச பதக்கம் கொடுத்தார்கள். நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அதை வாங்க லண்டனுக்குப் போகவில்லை. 2001இல் இறந்தார். இவர் தூண்டில் போட்டு மீன் பிடித்ததில்லை. கொல்ல மனம் வரவில்லை என்பார்கள். தலைமயிரை ஆண்களைப்போலக் குட்டையாக வெட்டி, ஆண்களின் சேர்ட்டும் கழுத்துப்பட்டியும் கோட்டும் அணிந்து வாழ்ந்தார்.

எரிக் ஸ்ரீல் 2013இல் எடுத்த 'கிஸ் த வோற்றர்' இவரைப் பற்றிய படம். ஈ கட்டும் விரல்களை அண்மையில் வைத்துக் காட்டும் பகுதிகளும், ஓவியங்கள் உயிர்பெற்று நீராக ஓடும் பகுதிகளும் மிக அழகானவை. ஒரு ஈ எப்படி உடுத்தப்படுகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு படத்தை நாம் பார்க்கவில்லை. ஆனால் எமக்கு ஒரு குறை உண்டு. படம் அவரை ஒரு தேவதைக் கதையின் ஆளாக்கிவிடுகிறது: கடலோரக் குடிசை, தனிமையான கிழவி, இளவரசர். அந்தக் கழுத்துப்பட்டியைத் தினமும் கட்டியவர், அதைக் கட்டாமல் இருக்கச் சொன்ன உலகத்தோடு எப்படி வாழ்ந்தார் என்ற கேள்வி நீரோட்டத்தில் கரைந்துபோகிறது. அவருக்கு நாம் இன்று எந்தப் பெயரும் சூட்ட முடியாது, அவர் சூட்டிக்கொள்ளவில்லை. ஆனால் விரலின் கவனத்தைக் கொண்டாடும் படம், உடையின் கவனத்தை ஒரு விசித்திரமாக மட்டும் விட்டுவிடக்கூடாது. இரண்டும் ஒரே ஆளின் கை செய்தவை.

*

எமது வியப்பில் ஒரு பகுதியை நாமே திரும்பப் பெறவும் வேண்டியிருக்கிறது. அந்த இறகுகள் எங்கிருந்து வந்தன? பொன் பெசன்ற் சீனத்தது. டூக்கனும் நீலப் பறவையும் தென் அமெரிக்கா. கண்ணாடிப் பூச்சுப் போட்டதுபோல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளி விழும் கழுத்து இறகு, தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியுடையது. அதன் கழுத்துத் தோல் பேரரசின் கப்பல்களில் போய் லண்டன் கடைகளில் விலைப்பட்டது. இன்று அதை ஐரோப்பாவில் பண்ணையில் வளர்த்து எடுக்கிறார்கள். 1921இல்தான் பிரித்தானியா இறகு இறக்குமதியைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. ஜொக் ஸ்கொட்டின் வாலில் இன்னொரு சிவப்பு இறகும் உண்டு. அதற்கு 'இந்தியக் காகம்' என்று பெயர். அந்தப் பறவை இந்தியாவைக் கண்டதேயில்லை. அதுவும் தென் அமெரிக்கப் பறவைதான். எமது றெஸ்ரோறன்றின் பெயர்ப்பலகையிலும் இந்தியா என்றுதான் இருக்கிறது. உள்ளே சமைக்கும் மூவரும் வடமராட்சி. அந்தப் பறவையின் நிலைமை எமக்கு விளங்கும்.

இந்த மோகம் இன்னும் தீரவில்லை. 2009 ஜூனில் இருபது வயது இசை மாணவர் ஒருவர் இங்கிலாந்தின் ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையின் யன்னலை உடைத்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். சில அல்பிரட் றஸ்ஸல் வொலஸ் சேகரித்தவை. பழைய முறையில் சல்மன் ஈ கட்டுவதற்காகவும், அப்படிக் கட்டுபவர்களுக்கு விற்பதற்காகவும் செய்த திருட்டு. பெயர்ச்சீட்டு அறுக்கப்பட்ட தோல் விஞ்ஞானத்துக்கு அநேகமாகப் பயன்படாது. கேர்க் வொலஸ் ஜோன்சன் 2018இல் இதைப் பற்றி எழுதிய 'இறகுத் திருடன்' என்ற நூல் அழகுமோகத்தின் இருண்ட பக்கத்தைச் சொல்கிறது. இத்தனை விலை கொடுத்துக் கட்டிய ஈக்கள் பெரும்பாலும் தண்ணீரைத் தொடுவதுமில்லை. கண்ணாடிச் சட்டத்துள் சுவரில் தொங்குகின்றன.

ட்ராக் மேடையும் இந்தக் கேள்விக்குத் தப்பாது. 'பரிஸ் இஸ் பேர்னிங்' படத்தை பெல் ஹூக்ஸ் கடுமையாக விமர்சித்தார். ஏழைக் கறுப்பின இளைஞர்கள் ஆசைப்பட்டு உடுத்துவது பணக்கார வெள்ளைப் பெண்ணின் உருவத்தை அல்லவா, படம் அதைக் கேள்வி கேட்காமல் கொண்டாடுகிறதே என்பது அவருடைய வாதம். ஜூடித் பட்லர் 1990இல் ட்ராக், பால் என்பதே ஒரு போலச்செய்தல் என்பதை வெளிச்சமாக்குகிறது என்று எழுதியவர். அவரும் 1993இல் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது, ட்ராக் எப்போதும் கலகமாகிவிடாது என்று எச்சரித்தார். படத்தில் வரும் வீனஸ் எக்ஸ்ட்ரவகன்சா என்ற இளம் திருநங்கை 1988இல் நியூயோர்க் விடுதியொன்றில் கொலையுண்டு கிடந்தார். படம் முடிவதற்குள் அந்தச் செய்தியும் வந்துசேர்கிறது.

இங்குதான் நாம் இதுவரை சொல்லிவந்த ஒப்பீடு முறிகிறது. ஈ கட்டுபவர் முள்ளை மீனுக்குக் கொடுக்கிறார். ட்ராக் கலைஞர் உடுத்துவது தன் உடம்பை. முள்ளும் அங்கேயே இருக்கிறது. ஈ தோற்றால் ஒரு மீன் தப்பும். வேடத்தோடு வீட்டுக்குப் போகும் கலைஞர் வீதியில் என்ன நேரும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். இது நியூயோர்க்கின் கதை மட்டுமில்லை. நோர்வேயில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டம் 1972இல் நீங்கியது. 2022 ஏப்ரலில் பிரதமர் அதற்காக மன்னிப்புக் கேட்டார். இரண்டு மாதம் கழித்து, ஜூன் 25ஆம் திகதி, ஒஸ்லோவில் ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடும் லண்டன் பப் என்ற இடத்தின் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் இறந்தனர். அன்று நடக்கவிருந்த ஊர்வலம் நிறுத்தப்பட்டது. எமது வேலைத்தலத்திலிருந்து நடந்து போகும் தூரம்.

*

இனி எமது சிரிப்புக்கு வருவோம்.

பெண்வேடம் எமக்கு அந்நியமான கலையா? கூத்தில் பெண்பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்தார்கள். இசைநாடகத்தில் ஸ்திரீபார்ட் என்று அதற்குப் பெயரே இருந்தது. பாம்பு தீண்டிய பிள்ளையை ஏந்திக்கொண்டு சந்திரமதி சுடலைக்கு வரும் கட்டத்தில், சேலைக்குள் இருப்பது ஒரு ஆண் என்று தெரிந்தும் எமது ஆச்சிமார் விடிய விடிய அழுதார்கள். சபைக்குத் தெரியும், தெரிந்துகொண்டே அழுதது.

2002இல் சமாதான காலத்தில் எமது பள்ளிக்கூட நாடகத்தில் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் சந்திரமதியாக வந்தார். கொசுவம் கலையாமல் இருக்கத் தாயிடம் பல நாள் சேலை உடுக்கப் பழகினாராம். கைப்புண் தெரியாமல் வளையல் அடுக்கி, அழும்போது முந்தானையை எந்தக் கையால் எடுப்பது என்றுகூட யோசித்து ஆடினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நாமும் தட்டினோம். அடுத்த கிழமை ரியூசன் ஒழுங்கையில் அவர் சைக்கிளில் போகும்போது 'சந்திரமதி' என்று விசிலடித்தோம். 'ஒன்பது' என்றும் கூப்பிட்டோம். அடுத்த வருடம் அவர் மேடைக்கு வரவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. கூப்பிட்டவர்களில் நாமும் ஒருவர் என்பதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

இதை மரபு என்று யாராவது சொல்லக்கூடும். காட்டுக்கோழியின் கழுத்தைக் கொண்டுபோன அதே பேரரசுதான் 1883இல் இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவையைக் கொண்டுவந்தது. அதன் 365, 365அ பிரிவுகள் அத்தகைய உறவுகளைக் குற்றமாக்கின. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இந்தியா 2018இல் தன் நாட்டில் அந்தச் சட்டத்தின் பிடியைத் தளர்த்திக்கொண்டது. எமது மரபு என்று நாம் காவல் காப்பதில் எவ்வளவு சந்திரமதியுடையது, எவ்வளவு விக்டோரியாவுடையது என்று ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

புலம்பெயர்ந்த எமது கலைவிழாக்களில் இன்றும் பெண்வேடம் உண்டு. மீசையை மழிக்காமல், சேலையை வேண்டுமென்றே கோணலாகச் சுற்றி, இரண்டு தோடம்பழத்தைச் செருகிக்கொண்டு ஒருவர் வருவார். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். பிள்ளைகளும் சிரிக்கும். அது பகிடி என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. யாரும் அவரை ஒழுங்கையில் கூப்பிடுவதில்லை. ஏனென்றால் அவர் கவனமில்லாமல் உடுத்தியிருக்கிறார். 'நான் இதுவல்ல' என்று அந்தக் கோணல் சேலை சபைக்கு உறுதி கொடுக்கிறது. சிரிக்கப்படுவது பெண்ணுடல்தான். சந்திரமதியாக ஆடியவர் செய்த குற்றம், கவனமாக உடுத்தியதுதான்.

எமக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான்: கவனம். அவசரமாகச் சுற்றிய ஈயையும் ஆறேழு மயிருக்காக அவிழ்த்துக் கட்டிய ஈயையும் யாரும் ஒரே தட்டில் வைப்பதில்லை. ட்ராக் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று சில பெண்ணியவாதிகள் சொல்லும் குற்றச்சாட்டுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். இழிவுபடுத்தும் ட்ராக்கும் இருக்கிறது, எமது தோடம்பழ நாடகம் போல. எதை உடுத்துகிறோமோ அதைக் கூர்ந்து பார்க்காமல் கவனமாக உடுத்த முடியாது. அப்படிக் கூர்ந்து பார்த்தவரால் அதை இலகுவில் அவமதிக்கவும் முடியாது. நாமோ கவனமற்றதற்குக் கைதட்டுகிறோம், கவனத்துக்கு விசிலடிக்கிறோம்.

வேடத்தைப் பார்த்துச் சிரிக்க எமக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதும் வேறொரு கேள்வி. அகதி விசாரணையில், அகதி என்று நம்பும்படியாக இருந்து கதை சொல்லப் பழகியவர்கள் நாம். உண்மையே ஆனாலும் அதை உண்மைபோலச் சொல்ல வேண்டியிருந்தது. சரிகை வைத்த வேலைச்சட்டையோடு சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுபோகும்போது இந்தியாவில் எந்த இடம் என்று கேட்டால் 'தெற்கு' என்று சொல்லிச் சிரிக்கப் பழகியவர்களும் நாம்தான். நண்பர் தன் வேடத்தைத் தானே தெரிந்தெடுத்தார். எமது வேடத்தைத் தேவை தெரிந்தெடுத்தது. அந்த வேறுபாடு பெரியது. ஆனாலும் வேடம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் போல நாம் நடிக்க முடியாது.

*

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, இன்னொருவரோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு நண்பரின் நிகழ்ச்சிக்குப் போனோம். தமிழர் யாராவது கண்டால் என்ன சொல்வது என்ற யோசனை வாசல்வரை வந்தது என்பதையும் ஒளிக்கவில்லை. சிறிய இடம், அறுபது எழுபது பேர். ஒரு பழைய நோர்வேஜியப் பாட்டுக்கு வாயசைத்து ஆடினார். சபை பல இடங்களில் சிரித்தது. அவர் சிரிக்கக் கேட்ட இடங்களில் சிரித்தது. கழுத்தைச் சுற்றி ஒரு வரிசைச் சேவல் இறகு, ஒவ்வொன்றும் ஒரே நீளம், ஒரே சாய்வு. குசினி மேசையில் அந்தச் சாய்வுக்காகத்தான் அவர் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. எமக்குத் தெரிந்தது.

2024 ஜூனில் நோர்வேயின் முப்பத்துமூன்று ஆறுகளில் சல்மன் பிடிப்பதைப் பருவத்தின் நடுவிலேயே நிறுத்தினார்கள், கடலிலிருந்து திரும்பிவந்த மீன் அவ்வளவு குறைவு. அந்தக் கோடையில் தாத்தாவின் ஈக்கள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடந்தன என்றார் நண்பர். அன்று இரவு எமது மேசையில் கட்டிய ஜொக் ஸ்கொட்டை எமக்கே தந்துவிட்டார். காட்டுக்கோழி இறகு பண்ணையில் எடுத்தது, 'இந்தியக் காக'த்துக்குப் பதில் சாயம் போட்ட கோழியிறகு என்று விளக்கமும் சொன்னார். குசினியில் வேலைநேர அட்டவணைக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறோம். புதிதாக வேலைக்கு வந்த ஊர்ப் பெடியன் ஒருவன் அதைப் பார்த்து, "அண்ணை, யார் கட்டினது, நல்ல வடிவாயிருக்கு" என்றான். யார் கட்டினது என்று சொன்னோம். அவர் சனிக்கிழமைகளில் என்ன செய்வார் என்பதையும் சொன்னோம். அவன் சிரித்தான். நாம் சிரிக்காமல் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவனும் நிறுத்திவிட்டு, திரும்பவும் அந்த ஈயைப் பார்த்தான்.